சாமியப்பன் வீட்டுச் சுத்தியல் சத்தம்

திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூரில் ஒருவருடைய பணப்பெட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. வாசலில் என்ன இறங்குகிறது என்று பார்த்தால் போதும். கம்பெனி வாசலில் நூல் மூட்டை இறங்கினால் கையில் ஆர்டர் இருக்கிறது. வீட்டு வாசலில் ஜல்லியும் மணலும் இறங்கினால் ஆர்டருக்குப் பணமும் வந்துவிட்டது. சாமியப்பன் வீட்டு வாசலில் இறங்கியதோ மரம். அறுத்து இழைத்த வேங்கைப் பலகை, ஒரு லாரி. கதவுக்கோ ஜன்னலுக்கோ அல்ல. மாடியில் தரையாகப் பரப்பி, அதன்மேல் வெறுங்காலோடு நடப்பதற்காம். ஊர் வாயைப் பிளந்தது.

வம்பு டென்மார்க்கில் ஆரம்பித்தது. சாமியப்பன் சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறியை விற்றுவிட்டு நாலு தையல் மிஷினோடு பனியன் தொழிலுக்கு வந்து, மெல்ல மெல்லச் சொந்தமாக எக்ஸ்போர்ட் பண்ணும் அளவுக்கு வளர்ந்தவர். பெரிய கம்பெனி என்று சொல்லிவிட முடியாது. அவரிடம் டீ சர்ட் வாங்குகிற 'பையர்' ஒரே ஒருத்தர், ஹென்ரிக் என்கிற டென்மார்க்காரர். இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் கோடையில் அந்த ஹென்ரிக் இவரைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் பலகையால் போட்ட ஒரு தளம். ஹென்ரிக் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் காலை நீட்டி உட்கார்ந்தார். சாமியப்பனும் சாக்ஸைக் கழற்றினார். மரம் உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது. செல்போன் அடிக்கவில்லை. சாயப்பட்டறை ஞாபகம் வரவில்லை, சனிக்கிழமைச் சம்பளம் ஞாபகம் வரவில்லை. ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம், யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாத மனுஷனாக அவர் உட்கார்ந்திருந்தார்.

அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். புறப்படும்போது ஹென்ரிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த முறை நீங்கள் திருப்பூர் வரும்போது என் வீட்டிலும் இதே மாதிரி ஒரு தளத்தில் உட்கார்ந்து பேசுவோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தார்.

ஊருக்கு வந்ததும் பட்ஜெட் போட்டார். அவருக்குத் தெரிந்த பட்ஜெட் ஒன்றுதான், டீ சர்ட்டுக்குப் போடுகிற காஸ்டிங். நூலுக்குப் பதில் மரம், நிட்டிங்குக்குப் பதில் அறுப்புக்கூலி, டையிங்குக்குப் பதில் பாலிஷ், தையல் கூலிக்குப் பதில் மரவேலைக்காரர் கூலி, பட்டன் லேபிளுக்குப் பதில் பித்தளைத் திருகாணி. வேஸ்டேஜ் எட்டு பர்சென்ட் சேர்த்தார். மொத்தம் ஒன்றரை லட்சம் வந்தது. கடைசியில் கை பழகிய பழக்கத்தில் அதையும் நாற்பத்தைந்தால் வகுத்து டாலராக்கினார். அப்போது ஒரு டாலருக்கு நாற்பத்தைந்து ரூபாய். ஹென்ரிக்குக்கு அனுப்பப்போகிற அடுத்த ஷிப்மென்டின் லாபத்திலேயே தளம் முடிந்து, பாலிஷுக்கு மேல் கொஞ்சம் மீதியும் நின்றது.

"டாலர்ல ஊடு கட்டறதுக்கு நம்ம ஊட்டுல டாலரா காய்க்குது?" என்று கேட்டாள் அவர் மனைவி சாரதாமணி.

"டாலருங்கறது ஏறுமே தவிர எறங்காது புள்ள. நான் தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து பாக்கறனே" என்றார் சாமியப்பன்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. திருப்பூரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஏழு பிறந்ததும் டாலர் இறங்க ஆரம்பித்தது. நாற்பத்து நாலு என்றார்கள், நாற்பத்து மூன்று என்றார்கள். முன்பே பணம் கட்டியிருந்த மரம் வந்து இறங்கிய சித்திரை மாதம் நாற்பத்தொன்று. ஹென்ரிக் கொடுப்பது அதே டாலர்தான், அது ரூபாயாக மாறும்போதுதான் இளைத்துப்போய் வந்தது. தளத்துக்கு என்று ஒதுக்கிய லாபம் போனதோடு நிற்காமல், ஷிப்மென்டே கையைக் கடித்தது.

சாமியப்பனுக்குப் பட்ஜெட் போடத்தான் தெரியாதே தவிர நஷ்டக் கணக்கு நன்றாகவே தெரியும். மாடியில் ஏறி, அடுக்கி வைத்த பலகையின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். "வேலைய நிறுத்திப்போடலாம். டாலர் ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று சாரதாமணியிடம் சொன்னபோது அவருக்கே பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. நாளை காலை மரவேலைக்காரர் வரும்போது சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலை டீ குடிக்க பேக்கரிக்குப் போனார். அங்கே நூல் ஏஜென்ட் லிங்கசாமி நின்றிருந்தார். மில்லிலிருந்து நூலை வாங்கி, இவரைப் போன்ற கம்பெனிக்காரர்களுக்குக் கடனில் போடுவது லிங்கசாமியின் வேலை. ஷிப்மென்ட் போய்ப் பணம் வந்த பிறகுதான் அவருக்குப் பணம். அவர் நூல் போடவில்லை என்றால் சாமியப்பனின் கம்பெனியில் ஒரு மிஷின் ஓடாது. போதாததற்கு லிங்கசாமிக்கு வீடு அடுத்த தெரு.

"வாங்ண்ணா! மரம் எறங்கிருச்சாமா!" என்று லிங்கசாமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எல்லாரும் டாலர் போச்சு, உசுரு போச்சுன்னு அழுதுட்டு நிக்கறாங்க. நீங்க ஒருத்தருதானுங்க தெகிரியமா மரத்துல தரை போடறீங்க. நேத்து மில்லுலயே சொல்லிப்போட்டனுங்க, சாமியண்ணனுக்கு எத்தனை நூல் வேணும்னாலும் போடலாம்னு."

சாமியப்பன் டீயை உறிஞ்சினார்.

லிங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆத்தப்பன் கதை தெரியுமுங்களா? மேல்மாடி கட்டிட்டு இருந்தாப்பல. திடீர்னு வாஸ்து சரியில்லீன்னு நிறுத்திப்போட்டாப்பல. வாஸ்தாவது ஒண்ணாவது? கம்பி மொட்டையா நீட்டிட்டு நிக்கறதப் பாத்த அன்னிக்கே எனக்கு வெளங்கிப்போச்சுங்க. மொதல் ஆளா போய் உக்காந்து என்ற பணத்த வாங்கிட்டு வந்துட்டேன். எனக்குப் பின்னால சாயப்பட்டறைக்காரன், அட்டைப்பெட்டிக்காரன்னு எல்லாரும் போய் உக்காந்துட்டாங்க. கம்பெனியப் பூட்டிட்டு எங்கியோ போயிட்டாப்பலீங்க, பாவம்."

வாஸ்து சரியில்லை என்று சொல்லலாமென்றுதான் சாமியப்பனும் வழியில் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கதவை ஆத்தப்பன் ஏற்கெனவே சாத்திவிட்டுப் போய்விட்டான். மரத்தைக் கடைக்கே திருப்பி அனுப்பலாம் என்றால், வந்த லாரி பட்டப்பகலில் திரும்பிப் போவதைத் தெருவே பார்க்கும். மாடியில் வேலை நின்ற அன்றைக்கே வாசலில் லிங்கசாமியின் செருப்பு கிடக்கும். லிங்கசாமியின் செருப்பைப் பார்த்து மற்ற செருப்புகள் வரும்.

"வேலை எப்பங்ண்ணா ஆரம்பம்?" என்று கேட்டார் லிங்கசாமி.

"இன்னிக்குத்தானுங்க" என்றார் சாமியப்பன்.

மரவேலைக்காரர் ஆரோக்கியராஜ் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வீட்டில் இரண்டு பெண்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். அவர் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு வேலையை ஆரம்பித்த வேகத்தைப் பார்த்துச் சாமியப்பன் பதறிப்போனார். இப்படிப் போனால் இந்த மாதமே முடிந்துவிடும். மொத்தக் கூலியையும், திருகாணி, பாலிஷ் செலவையும் உடனே எடுத்து வைக்க வேண்டும். கையில் அதற்கு வழியில்லை. நிறுத்தவும் முடியாது. யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஆரோக்கியம், மெதுவாச் செய்யுங்க. ஒரு நாளைக்கு ஒரு பலகை போட்டாப் போதும். ஆனா சத்தம் மட்டும் நிக்கக் கூடாது" என்றார்.

"சத்தமா?"

"ஆமாங்க. காலைல கொஞ்ச நேரம், பொழுதோட கொஞ்ச நேரம். ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கோணும்."

ஆரோக்கியராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, இது திருகாணி வேலை. முடுக்கினா போதும். சுத்தியலுக்கே சோலி கெடயாது. எதை அடிக்கச் சொல்லுதீங்க?"

"வெட்டி எறிஞ்ச துண்டுக் கட்டை கெடக்குதல்ல. அத அடிங்க."

அன்றிலிருந்து சாமியப்பன் வீட்டு மாடியில் டக் டக் என்று சத்தம் எழும்பியது. ஆரோக்கியராஜ் ஓர் ஓரமாக நிழலில் உட்கார்ந்து துண்டுக் கட்டையை அடித்தார். அடித்த ஆணியைப் பிடுங்கித் திரும்ப அடித்தார். தினக்கூலி நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் தைக்கிறவர்களுக்குச் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் ஆரோக்கியராஜின் கூலி தள்ளிப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறு மதியம் லிங்கசாமியிடமிருந்து போன் வந்தது.

"என்னங்ண்ணா, காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம்? வேலை நின்னுபோச்சுங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். சாமியப்பன், "சாப்பாட்டு நேரமுங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினார். உச்சி வெயில். அதுவரை போட்டிருந்த பலகைகள் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தன. டென்மார்க் வெயிலுக்கு இதமாக இருந்த சமாச்சாரம், இங்கே பகல் முழுக்கக் கால் வைக்க விடவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் ஐம்பது வயது மனிதர் துண்டுக் கட்டையை ஓங்கி ஓங்கி அடித்தார். சாரதாமணி படிக்கட்டில் நின்று பார்த்தாள். சிரித்துவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மரத்தளம் போடுகிற வீடு என்ற பெயர் பரவியதும் சொந்தபந்தம், ஒறம்பரை என்று எல்லாரும் கடன் கேட்டு வர ஆரம்பித்தார்கள். சாரதாமணியின் சொந்த அண்ணனே வந்து, மகள் கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மாடியில் டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "மனசில்லீன்னா மனசில்லீன்னு சொல்லு சாரதா" என்று காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அவரிடம்கூட உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. அண்ணன் நாலு பேரிடம் சொன்னால் கம்பெனி போய்விடும்.

சாமியப்பன் பிடித்துக்கொண்டு தொங்கியது ஒரே ஒரு கயிற்றை. கார்த்திகையில் ஹென்ரிக் அடுத்த வருஷத்து ஆர்டர் பேச வருகிறார். டாலர் விழுந்த கதையை விவரமாக எழுதி, பீஸுக்கு இருபது சென்ட் கூட்டித்தர வேண்டும் என்று மெயில் போட்டிருந்தார். இருபது சென்ட் கூடினால் பிழைத்துக்கொள்ளலாம். லிங்கசாமிக்கு அடைத்துவிடலாம், அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம், சுத்தியலைத் தூக்கிப் பரணில் போடலாம். ஹென்ரிக் நேரில் வந்து பேசிக்கொள்ளலாம் என்று பதில் போட்டிருந்தார்.

ஹென்ரிக் வருவதற்குள் தளம் முடிந்தாக வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறதே. பணத்துக்கு எதை விற்பது? காரை விற்றால் தெரியும். நிலத்தை விற்றால் பத்திர ஆபீஸிலிருந்தே தெரியும். வெளியே தெரிகிற எதையும் தொட முடியாது. வெளியே தெரியாமல் இருந்தது கம்பெனிக்குள் இருந்த மிஷின்கள்தான். மூடின வேனில் ஆறு மிஷின்களை ஏற்றி, சர்வீசுக்குப் போகிறது என்று தைக்கிறவர்களிடம் சொல்லி, ஈரோட்டுக்கு அனுப்பிவைத்தார். வந்த பணத்தில் திருகாணியும் பாலிஷும் வந்தன. மிஷினில்லாமல் ஆறு பேர் வேலையைவிட்டு நின்றார்கள்.

"சோறு போடற மிஷின வித்து, காலு சுடற பலகைக்குப் பாலிஷ் போடறீங்க" என்றாள் சாரதாமணி. "உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இல்ல புள்ள. எறங்கறதுக்கு வழி தெரீல. தெரிஞ்சா நீ சொல்லு, எறங்கிக்கறேன்."

அவளுக்கும் தெரியவில்லை. மேலே ஆரோக்கியராஜ் அடித்துக்கொண்டிருந்தார்.

ஹென்ரிக் வந்த அன்று காலை தளத்தில் பால் காய்ச்சினார்கள். புது வீடு இல்லையே, எதற்குப் பால் என்று கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. லிங்கசாமிதான் யோசனை சொன்னார், முதல் ஆளாகவும் வந்து நின்றார். முருகன் படத்துக்கு மாலை போட்டு, பலகையின் மேல் செங்கல் வைத்து, அதன்மேல் அடுப்பு வைத்துச் சாரதாமணி பாலைப் பொங்கவிட்டாள். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மரம் இதமாக இருந்தது. கார்த்திகைக் காற்று லேசாக அடித்தது. உள்ளதைச் சொன்னால், தளம் மிக அழகாக இருந்தது. ஆரோக்கியராஜ் ஓரமாகக் கைகட்டி நின்றார்.

ஹென்ரிக் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். இரண்டு கையையும் விரித்து, "அருமை, அருமை" என்று சுற்றிச் சுற்றி நடந்தார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பாலை வாங்கிக்கொண்டார். சாமியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் லிங்கசாமி டம்ளரோடு நின்றார். வெள்ளைக்காரர் பேசுவதைக் கேட்பதில் அவருக்கு ஆசை.

"உங்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது" என்று ஹென்ரிக் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "இந்த முறை திருப்பூரில் யாரைப் பார்த்தாலும் டாலர் விழுந்துவிட்டது, செத்தோம், விலையைக் கூட்டுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் எழுதியிருந்தீர்கள். நானும் உண்மையென்றே நினைத்தேன்." குதிகாலால் பலகையைச் செல்லமாகத் தட்டினார். "ஆனால் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இந்த வருஷம் என் வீட்டுத் தளத்துக்குப் பாலிஷ் போட என்னாலேயே முடியவில்லை தெரியுமா?"

ஹென்ரிக் பாலை ஒரு மிடறு குடித்தார்.

"எங்கள் பக்கமும் வியாபாரம் மந்தம். நீங்கள் எனக்கு உதவ வேண்டும். போன வருஷ விலையில் பத்து சென்ட் குறைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் பீஸ் தருகிறேன். மத்தியானம் அவிநாசி ரோட்டில் இன்னொரு கம்பெனிக்குப் போக வேண்டும். நீங்கள் சரியென்றால் நான் அங்கே பேச வேண்டிய தேவையில்லை."

ஐயா, இதெல்லாம் வேஷம். ஆறு மிஷினை விற்றுத்தான் இந்தப் பலகையில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். இந்த விலைக்கு ஓட்டினால் என் கம்பெனி இந்த வருஷத்தோடு முடிந்தது. இத்தனையும் சாமியப்பனின் தொண்டைவரை ஆங்கிலத்திலேயே வந்துவிட்டது. தலையைத் திருப்பினார். லிங்கசாமி இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கசாமிக்குப் பெரிய ஆங்கிலம் தெரியாது. ஆனால் லாஸ், சோல்ட், பேமென்ட், கிளோஸ் இவ்வளவும் திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

"கீழே ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசலாமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாம் வேண்டாம். இங்கேயே நன்றாக இருக்கிறது" என்றார் ஹென்ரிக்.

முகம் சுருங்கினால் லிங்கசாமிக்குத் தெரிந்துவிடும். முடியாது என்று சொன்னால், ஹென்ரிக் எழுந்து இன்னொரு கம்பெனிக்குப் போவதை லிங்கசாமி பார்ப்பார். சாமியப்பன் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஹென்ரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்த சாரதாமணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஹென்ரிக் கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போனதும் லிங்கசாமி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய ஆர்டருங்களா அண்ணா?"

"அம்பதாயிரம் பீசுங்க."

"எனக்கு அப்பவே தெரியுமுங்க! இந்தத் தரையப் பாத்தா எந்தப் பையரு வேண்டாம்னு சொல்லுவான்? நூலு நாளைக்கே போட்டுடறேன். பழைய பாக்கியும் இதுவும் சேத்து, ஷிப்மென்டு போனதும் ஒட்டுக்காக் குடுங்க, போதும்." படியில் இரண்டு எட்டு இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "மரவேலை முடிஞ்சுதுங்களா, இல்ல இன்னும் இருக்குதுங்களா?"

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சாமியப்பனின் உள்ளங்காலில் சூடு தெரிந்தது. டென்மார்க்கில் சாக்ஸைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்த அந்தக் காபி நேரம் ஞாபகம் வந்தது. அப்போதே எழுந்து வந்திருக்கக் கூடாதா என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எங்கீங்க முடிஞ்சுது? சுத்தியும் இடுப்பு உயரத்துக்குக் கட்டை நிறுத்தி அடைக்கோணுமுங்க" என்றார்.

"அப்படிப் போடுங்க!" என்று சொல்லிக்கொண்டே லிங்கசாமி இறங்கிப் போனார்.

ஆரோக்கியராஜ் இழைப்புளியையும் ரம்பத்தையும் சாக்குப் பைக்குள் வைத்துக் கட்டியிருந்தார். சொன்னதைக் கேட்டதும் முடிச்சை அவிழ்த்துச் சுத்தியலை வெளியே எடுத்தார். தளத்தின் ஓரத்தில் கிடந்த துண்டுக் கட்டையைக் காலால் இழுத்துக்கொண்டு சாமியப்பனைப் பார்த்தார்.

"வழக்கம்போலத்தான அண்ணாச்சி? சத்தம் மட்டும்தான?"

"இல்லீங்க ஆரோக்கியம்" என்றார் சாமியப்பன். "எறங்கறதுக்குத்தான் வழியில்லாமப் போச்சே, இந்தத் தடவ நெசமாவே அடிச்சு அடைச்சுருங்க."